ஆமையைச் சூடாக வைத்திருந்தது பற்றிய விளக்கக் கடிதம்

1

கதை எழுதலாம் என்று நான் உட்காரவில்லை. எங்கள் குடியிருப்பின் மஹல்லாத் தலைவர் என்னிடம் கேட்டது ஒரு விளக்கக் கடிதம். "ஒரு பக்கம் போதும். கையெழுத்து தெளிவா இருக்கட்டும். கீழ தேதி போடு" என்றார். சமர்கந்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரான கட்டாகுர்கானில் வேலைக்குப் பிந்திப் போனால் விளக்கக் கடிதம். கூரைப் பனியைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளினால் விளக்கக் கடிதம். பெண்டாட்டியைத் தொலைபேசியில் தலாக் சொன்னாலும் விளக்கக் கடிதம். எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிக் குற்றம் கழிந்த மாதிரி.

பதினோரு வருடம் மாவட்டச் செய்தித்தாளில் பிழை திருத்தியவன் நான். ஊரார் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தே சோறு தின்றவன். ஒரு பக்கம் எம்மாத்திரம் என்று ஆரம்பித்தேன்.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, பதினான்காம் எண் வீட்டுக்காரனாகிய ஹம்ராகுல் எழுதிக்கொண்டது. என் மனைவி மஸ்தூராவை ஜனவரி மாதம் புதன்கிழமையன்று நான் தொலைபேசி வழியாகத் தலாக் சொன்னதற்கான காரணம் யாதெனில், ஆமை"

அங்கே நின்றுவிட்டது. காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு மாதிரி தொடங்கினேன்.

"இந்தக் குளிர்காலத்தில் மூன்று நாள் மின்சாரம் நின்றுபோனது தாங்கள் அறிந்ததே. அதன் விளைவாக என் குடும்பத்திலும்"

பாருங்கள், பழியை எவ்வளவு லாவகமாக மின்சாரத்தின் தலையில் கட்டப் பார்க்கிறேன். அதையும் கிழித்தேன். மூன்றாவது தடவை உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று, "எங்கள் வீட்டில் ரயீஸ் என்றொரு ஆமை உண்டு" என எழுதினேன். ரயீஸ் என்றால் எங்கள் பக்கத்தில் தலைவர் என்று அர்த்தம். ஏதாவது கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பதால் வைத்த பெயர். இதைத் தலைவரிடமே எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? ஆகவே அவருக்கான ஒரு பக்கம் தனியே இருக்கிறது, அதில் "வீட்டு வளர்ப்புப் பிராணி" என்று எழுதியிருக்கிறேன். மிச்சமெல்லாம் இங்கே வந்துவிட்டது.

வருகிற வியாழக்கிழமை மஹல்லாக் குழு கூடுகிறது. நான் என் வீட்டுக்குள் திரும்பப் போகலாமா கூடாதா என்று அன்றைக்கு மஸ்தூராவைக் கேட்பார்கள். இமாம் தலாக் செல்லும் என்கிறார், பதிவு அலுவலகத்தின் ஏடோ நாங்கள் இன்னும் கணவன் மனைவிதான் என்கிறது. தலைவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "அவ சரின்னா சரி." அதுவரை தம்பி சத்தார் வீட்டு முன்னறையில் எனக்குப் படுக்கை. வியாழனுக்குள் இந்தக் கதையை முடித்து அவளிடம் சேர்த்தால் அவள் மனம் இளகும் என்ற நப்பாசையில்தான் எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆதாயம் எதிர்பார்க்காமல் எழுதுகிறேன் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

2

ரயீஸை நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் புல்வெளியிலிருந்து தூக்கி வந்தேன். எங்கள் பக்கத்து ஆமைகள் மார்ச்சில் விழித்து, கோடை வெயில் ஏறும்வரை தின்று, அப்புறம் மறுபடி மண்ணுக்குள் போய்விடும். வீட்டில் வளர்ப்பவர்கள் நவம்பரில் தீனியை நிறுத்திப் பெட்டியில் மண்ணும் வைக்கோலும் போட்டு நிலவறையில் இறக்குவார்கள். ஆமை தூங்கும். குளிர் அதற்கு நல்லது. இது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

செய்தித்தாளை மூடினார்கள். நான் ரஷ்யாவில் சுர்குத்துக்குச் சரக்குக் கிடங்கு வேலைக்குப் போனேன். போன முதல் நவம்பரில் மஸ்தூரா கேட்டாள்: "ஏங்க, ரயீஸப் பெட்டியில வச்சிரட்டுமா?"

"வேணாம். தூங்க விடாத. ஞாயித்துக்கிழமை பேசறப்ப அது நடக்கறத நான் பாக்கணும்."

"பாவங்க அது."

"விளக்கப் போட்டு வை. ஒண்ணும் ஆகாது."

அப்படித்தான் எனாமல் தொட்டியின் மேல் மேசை விளக்கைக் கவிழ்த்துக் கட்டி இரண்டு குளிர்காலம் ஆமையைத் தூங்கவிடாமல் வைத்திருந்தாள். ஞாயிறு மதியம் அழைப்பேன். நலம் விசாரிப்பு இரண்டு வரி. அப்புறம், "ரயீஸக் காட்டு" என்பேன். அவள் கேமராவைத் திருப்புவாள். கால் மணி நேரம் ஆமை முட்டைக்கோஸ் தின்பதைப் பார்ப்பேன். ஊர் நினைப்பு, மண்ணின் பாசம் என்று இந்த இடத்தில் நீளமாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன், காரணம் ஐந்தாம் பகுதியில் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் ரயீஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியின் மேலிருந்த விளக்கு பட்டென்று அணைந்தது. "கரண்ட் போச்சுங்க" என்றாள். அன்றைக்கு அங்கே மைனஸ் பதினெட்டு. நான் கத்தினேன்: "சூடா வச்சிரு! வயித்துல தீனி இருக்கு, குளிர்ல விட்டா உள்ளேயே அழுகிச் செத்துரும். ரயீஸ சூடா வச்சிரு!" அத்தோடு தொடர்பு அறுந்தது. அவளைச் சூடாக இரு என்று நான் சொல்லவில்லை.

3

மூன்று நாள் அங்கே என்ன நடந்தது என்பதற்கு என்னிடம் சாட்சி கிடையாது. நான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், சட்டையில்லாமல் உட்காரும் அளவுக்குச் சூடான அறையில் இருந்தேன். எனவே முதலில் கற்பனையிலிருந்து எழுதினேன்:

"சன்னல்களில் பனிப்பூ பூத்திருந்தது. மஸ்தூரா ஆமையை மார்போடு அணைத்துக்கொண்டு, 'நீ உயிரோடு இருக்கும்வரை அவரும் எனக்கு' என்று"

இதை எங்கள் பக்கத்து வீட்டு ஷராபத் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவளுக்குப் புரை ஏறிவிட்டது.

"டேய் ஹம்ரா, நாடகமா எழுதற? அவளுக்கு மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சுடா. உன் ரயீஸ் அவ மடியிலயே மூத்திரம் பேஞ்சு வச்சிருந்தான். திட்டிக்கிட்டேதான் எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தா. காது குடுத்துக் கேக்க முடியல."

"என்னையா ஆமையவா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? ரெண்டு பேருக்கும் பொருந்துற மாதிரிதான் இருந்துச்சு."

ஆக, இனி வருவது அக்கா சொன்னது. (அக்காவும் கொஞ்சம் கைச்சரக்குச் சேர்த்துச் சொல்பவள்தான். ஆனால் அவள் பொய்யில் யாருக்கும் ஆதாயமில்லை. என் பொய்யை அப்படிச் சொல்ல முடியாது.)

மின்சாரத்தோடு எரிவாயுவும் ஒடுங்கிவிட்டது. அடுப்பில் நீல மணி மாதிரி ஒரு பொட்டு நெருப்பு. மஸ்தூராவின் வீட்டில் வேறு சூடு கிடையாது. ஷராபத் அக்கா வீட்டில் பழைய சந்தால் இருக்கிறது: தரையில் குழி, குழியில் தணல், மேலே குள்ள மேசை, மேசைமேல் பெரிய பஞ்சுப் போர்வை. சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கால்களைப் போர்வைக்குள் நீட்டிக்கொள்ள வேண்டியதுதான். முதல் நாள் மஸ்தூரா அங்கே போய்விட்டாள். ஆமையையும் போர்வைக்குள் விட்டாள்.

அக்காவின் கணவர் துர்சுன் அண்ணன் அரைத்தூக்கத்திலிருந்து அலறினாராம். "ஏய், யாரோ என் காலச் சொரண்டறாங்கடி!"

"உங்க காலச் சொரண்ட யாரு வருவா? ஆமைங்க அது."

"ஆமையா! மனுசனுக்கே தணல் பத்தல, இதுல விருந்தாளி வேறயா?"

ஆனாலும் நல்ல மனிதர். ஒரு மணி நேரத்தில் அவரே போர்வையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, "உயிரோட இருக்கான், இருக்கான்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள் என்கிறாள் அக்கா. மஸ்தூராவும் சிரித்தாளா என்று கேட்டேன். "நல்லாவே சிரிச்சா. ஏன், சிரிக்கக் கூடாதா?" என்றாள்.

4

இரண்டாம் நாள் துர்சுன் அண்ணனின் தங்கை வந்தாள். அவள் வீட்டிலும் குளிர். வந்தவள் சந்தாலைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டாள்: ஒரு பக்கம் அண்ணன், எதிர்ப்பக்கம் புருஷன் ஊரில் இல்லாத பெண்.

"நல்ல கதகதப்புதான். போர்வைக்குள்ள யார் கால் யார் காலோட இருக்குன்னு யாரு கண்டா" என்றாளாம் சிரித்துக்கொண்டே.

மஸ்தூரா எழுந்துவிட்டாள். அக்கா கெஞ்சியிருக்கிறாள். "அவ கிடக்கறா, உக்காரு. சரி, நீ போனாலும் போ, ஆமைய விட்டுட்டுப் போ."

"வேணாம்க்கா. காலையில தணலுக்குள்ளயே நகந்து போயிட்டான். ஓட்டு ஓரம் கருகிருச்சு. யாராச்சும் பாத்துக்கிட்டே இருக்கணும். நீங்க எத்தனையப் பாப்பீங்க?"

வீட்டுக்குப் போனாள். நான் விட்டுப்போன பஞ்சுக் கோட்டு ஒன்று ஆணியில் இருந்தது. ஆமையைத் தன் வயிற்றோடு வைத்துக் கம்பளிச் சால்வையால் இறுக்கிக் கட்டி, மேலே அந்தக் கோட்டைப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டாள். ஆமையின் ஓடு பனிக்கட்டி போலிருக்கும். அது வெயிலின் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளுமே தவிர, தனக்கென்று சூடு இல்லாத பிராணி. அவள் உடம்புதான் அதற்கு அடுப்பு. அப்படியே அந்த நாள் முழுக்க, மறுநாள் முழுக்க. நின்றால் விறைத்துவிடும் என்று அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள்.

ஆனால் ரொட்டி வேண்டுமே. மூன்றாம் நாள் காலையில் தெருமுனையில் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளை எரித்துத் தந்தூரில் ரொட்டி சுட்டார்கள். மஹல்லாவே வரிசையில் நின்றது. மஸ்தூராவும் போய் நின்றாள். இரண்டு கிலோ எடையுள்ள ஆமை சரிந்துவிடாமலிருக்க அடிவயிற்றில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, முதுகைப் பின்னுக்குச் சாய்த்து நின்றாள். அந்த மாதிரி யார் நிற்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், வரிசையிலிருந்த பெண்களுக்கும் தெரியும்.

"என்ன மஸ்தூரா, வயிறு?"

"ஆமை."

"என்னது?"

"ஆமைங்கறேன். வீட்ல சூடு இல்ல, கட்டி வச்சிருக்கேன்."

"ஆமையாம்டி! புருஷன் போயி ரெண்டு வருஷம், வயித்துல ஆமையாம்!"

"முட்டையா குட்டியா?"

"எதுவா இருந்தாலும் அப்பன் ஜாடை தெரியும்ல, விடு."

அவள் உண்மையைச் சொன்னாள், அதுதான் அவள் செய்த தப்பு. வயிற்று வலி, கட்டி, வென்னீர்ப் பை என்று ஏதாவது பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கோபம் வந்தது, அக்காவிடம் போய்க் கேட்டேன். "ரெண்டு பொத்தானக் கழட்டி எல்லாருக்கும் காட்டியிருக்கலாம்ல அவ? அங்கயே முடிஞ்சிருக்குமே!"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மைனஸ் பதினெட்டுல கோட்டத் தொறந்தா ஆமை என்னாத்துக்கு ஆகும்? சூடா வச்சிருன்னு சொன்னது யாரு?"

5

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம்.

அடுத்த பகுதியின் முதல் பிரதி இப்படித் தொடங்கியது: "புதன்கிழமை மதியம். என் அறைத்தோழன் வசீலி சூப் வைத்துக்கொண்டிருந்தான்." தலைவருக்கான விளக்கக் கடிதத்திலும் வசீலி இருக்கிறான், ஒரு வரியில் வந்து போகிறான்.

வாசகரே, வசீலி என்று எவனும் கிடையாது. அவள் பெயர் வால்யா. கிடங்குச் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல் செய்பவள். நான் அங்கே போன முதல் அக்டோபரிலிருந்தே அவளோடுதான் இருந்தேன். அவளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் எனக்கு வசதி. தூரத்தில் உழைத்த கணவன், வதந்தி கேட்டான், மனம் உடைந்தான், வாய் தவறினான். படிப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். வசீலியை நான்கு பிரதிகளில் வளர்த்தேன், அவனுக்கு மீசைகூட வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயீஸைக் காட்டு, ரயீஸைக் காட்டு என்று ஏன் நச்சரித்தேன் என்பதும் இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். மஸ்தூரா கண்ணெடுக்காமல் பார்ப்பவள். அந்த முகத்தைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆமையின் முகத்தைப் பார்ப்பது சுலபம். அதற்காகத்தான் ஒரு வாயில்லாப் பிராணியை இரண்டு குளிர்காலம் தூங்கவிடாமல் செய்தேன்.

6

புதன்கிழமை மதியம். வால்யா சூப் வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி சத்தார் சந்தையிலிருந்து அழைத்தான். அங்கே யாரோ ஜெனரேட்டர் வைத்துத் தொலைபேசிகளுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம்.

"அண்ணே, கோச்சுக்காத. சொல்லாம இருக்கவும் முடியல."

"ரயீஸ் செத்துட்டானா?"

"ஐயோ, அது இல்லண்ணே. அண்ணி... அண்ணி முழுகாம இருக்காங்களாம். ஊரே பேசுது. நானும் பாத்தேண்ணே. வயித்தத் தாங்கிக்கிட்டு நடக்கறாங்க."

எனக்கும் மஸ்தூராவுக்கும் கல்யாணமாகிப் பதினாலு வருடம். ஒன்றாக இருந்த பன்னிரண்டு வருடத்தில் குழந்தை இல்லை. சமர்கந்து டாக்டர்களிடம் அவளைத்தான் கூட்டிப்போனேன், நான் ஒரு தடவைகூடப் பரிசோதனைக்குப் போகவில்லை. ஊர் அவளைச் சொன்னதெல்லாம் எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. தம்பி அதைச் சொன்னதும் என் மண்டையில் முதலில் உறைத்தது துரோகம் அல்ல. அப்படியென்றால் குறை என்னிடம்தானா என்பதுதான். எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அவள் எண்ணுக்கு அழைத்தேன், கிடைக்கவில்லை. குரல் செய்தியாகப் பதிவு செய்தேன். தலாக் என்ற சொல் மூன்று தடவை. மொத்தம் நான்கு நொடி. எதிரே கரண்டியோடு வால்யா நின்றாள். நான் சொன்ன மொழி அவளுக்குத் தெரியாது.

"எதுக்கு ஒரே வார்த்தைய மூணு தடவ சொல்ற?" என்று கேட்டாள்.

"சூப்பப் பாரு" என்றேன்.

7

இந்தப் பகுதிக்கு என் கண்ணே சாட்சி.

அன்றைக்கே சாயங்காலம் மின்சாரம் வந்துவிட்டது. மஸ்தூரா வீடியோவில் அழைத்தாள். நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். கத்தியதை எழுத மாட்டேன். அச்சில் வரக்கூடியது அதில் ஒன்றுமில்லை. அவள் தொலைபேசியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு எட்டி நின்றாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். விரல்கள் வீங்கியிருந்ததால் நேரமெடுத்தது. சால்வையின் முடிச்சை அவிழ்த்தாள், சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். ரயீஸை இரண்டு கையாலும் வெளியே எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்தாள். அது நான்கு காலையும் காற்றில் உதைத்தது.

"காட்டு காட்டும்பீங்களே. பாருங்க" என்றாள்.

(அவள் கண்கள் கலங்கியிருந்தன. குரல் உடைந்து) இல்லை. இப்படி நடக்கவில்லை. அவள் சளி பிடித்த குரலில், கடைக்காரனிடம் சாமான் திருப்பிக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். அப்புறம் திரை இருண்டுவிட்டது.

8

அதற்குப் பின் நடந்ததும் அக்கா சொன்னதுதான்.

எங்கள் வழக்கத்தில் தூரம் போகிறவன் ஒரு ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுப் போவான். மிச்ச ரொட்டியைச் சுவரில் மாட்டி வைப்பார்கள், திரும்பி வந்து அவனே தின்ன வேண்டும். நான் கடித்த ரொட்டி இரண்டு வருடமாக ஆணியில் இருந்தது. மஸ்தூரா அதை இறக்கினாள். ரொட்டியைக் குப்பையில் போடக் கூடாது, பாவம். வென்னீரில் ஊறவைத்து அக்கா வீட்டுக் கோழிகளுக்குக் கொண்டுவந்தாள். "கோழிங்களே முதல்ல தொடலடா" என்றாள் அக்கா. இதைச் சொல்லும்போது அவளுக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை.

பிறகு ரயீஸுக்குத் தீனியை நிறுத்தினாள். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து வயிற்றைச் சுத்தமாக்கினாள். மூன்று வாரம் கழித்து விளக்கை நிறுத்திவிட்டுப் பெட்டியில் மண் நிரப்பி நிலவறையில் இறக்கினாள். இந்தக் குளிர்காலத்தில் மிச்சமிருக்கிற கொஞ்ச நாளாவது தூங்கட்டும் என்று. "இனிமே நீ யாருக்கும் நடந்து காட்ட வேணாம்" என்று அதனிடம் சொன்னாளாம். இதையும் நான் கற்பனை செய்ததாக நினைக்காதீர்கள், எனக்கு இவ்வளவு நன்றாக எழுத வராது.

9

பிப்ரவரி கடைசியில் ஊர் வந்தேன். விளக்கக் கடிதத்தில் "மனம் வருந்தித் திரும்பினேன்" என்றிருக்கிறது. வருந்தியது உண்மை. விஷயம் முழுக்கத் தெரிந்ததும் வால்யா என் பையை மாடிப்படியில் வைத்துக் கதவைச் சாத்தியதும் உண்மை. எது முன்னால், எது பின்னால் என்று கேட்காதீர்கள்.

பதினான்காம் எண் வீட்டின் இரும்புக் கதவைத் தட்டினேன். பழக்கமான செருப்புச் சத்தம் முற்றத்தைக் கடந்து வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"யாரு?"

"நான்தான்."

கதவு திறக்கவில்லை. நான் ஒப்பிக்க ஆரம்பித்தேன். ஊர்ப்பேச்சு, கோபம், தூரம், தனிமை என்று எல்லாவற்றையும் சொன்னேன். "மஸ்தூரா, நான் ஒண்டியாக் கிடந்தேன். ஒரு ஆறுதலுக்குக்கூட அங்க ஆளில்ல" என்றேன்.

"அந்தம்மா பேரு என்ன?"

"எந்தம்மா?"

"ரெண்டு கப்பு இருக்கும் மேசையில. கொடியில பூப்போட்ட துணி காயும். ஒரு தடவ ஈரத்தலையோட உங்க பின்னாடி போனாங்க. நல்ல உயரம்."

"நீ எப்படி... நீ ஆமையத்தான காட்டிக்கிட்டு இருந்த?"

"ஆமையக் காட்டுனேன். நீங்க அதப் பாத்தீங்க. என் போன்ல நீங்கதான தெரிவீங்க. நான் உங்களப் பாத்துக்கிட்டிருந்தேன்."

ஒரு வருடத்துக்கும் மேலான ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை என்றால் என் முகம் அவளுக்குத் தெரியாது என்று நம்பியிருக்கிறேன். ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும் ஆமைக்குக்கூட அந்த அளவு மடத்தனம் கிடையாது. எல்லாம் தெரிந்துமா அதை வயிற்றில் கட்டிக்கொண்டு நடந்தாய் என்று கேட்டேன்.

"அது என்ன பண்ணுச்சு?" என்றாள். செருப்புச் சத்தம் திரும்பிப் போனது.

10

இனி முடிவு வேண்டும். மூன்று எழுதியிருக்கிறேன்.

அ) வியாழக்கிழமை. குழுவில் மஸ்தூரா ஒன்றும் பேசாமல் எழுந்து போகிறாள். ஹம்ராகுல் தலைகுனிந்து வீட்டு வாசலுக்கு வருகிறான். தட்டுவதற்குள் கதவு திறக்கிறது. அவள் கண்ணில் நீர். "வாங்க, குளிரடிக்குது" என்கிறாள்.

ஆ) ஹம்ராகுல் தட்டுகிறான். கதவு திறக்கிறது. அவள் ஓங்கி ஓர் அறை விடுகிறாள். திரும்பி உள்ளே போகிறாள், கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு. (இது எனக்குப் பிடித்திருக்கிறது. அறை வாங்கிக்கொள்ள நான் தயார்.)

இ) மார்ச். ரயீஸ் விழித்துவிட்டது. பல நாள் தட்டியபின் கதவு ஒரு சாண் அளவு திறக்கிறது. அவள் மன்னிக்கவில்லை. முன்னறையில் அவனுக்குத் தனிப் படுக்கை, தனிக் கோப்பை. மௌனத்தில் ஒரு வருடம். ஆனால் அவன் உள்ளே இருக்கிறான்.

மூன்றாவது நுட்பமானது, கலையம்சம் கூடியது என்று நினைத்தேன். பிழை திருத்தி, நல்ல தாளில் படியெடுத்து, பத்துப் பகுதிகளையும் ஷராபத் அக்கா கையில் கொடுத்தனுப்பினேன். வால்யா வரும் பகுதிகளையும் மறைக்கவில்லை. அதைப் பார்த்தாவது என் நேர்மையை மெச்சுவாள் என்று எண்ணினேன்.

11

அக்கா மறுநாள் மத்தியானம் தாள்களைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"படிச்சாளா?"

"படிச்சா. பாசிப்பயறு பொறுக்கிக்கிட்டே படிச்சா. கடைசி வரைக்கும் படிச்சா."

"அழுதாளா?"

"பயறுல கல்லு நெறைய இருந்துச்சு, அதுல மும்முரமா இருந்தா."

"ஒண்ணுமே சொல்லலியா அக்கா?"

"ஒண்ணே ஒண்ணு உங்கிட்டக் கேக்கச் சொன்னா." அக்கா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "'மூணுலயும் எந்திரிச்சு வந்து கதவத் தொறக்கறது நான்தானா?'ன்னு கேட்டா."

தாள்களை வாங்கி மறுபடி பார்த்தேன். மூன்றிலும் அவள்தான். பதினோரு வருடம் அடுத்தவன் எழுத்தில் பிழை பார்த்தவன் கண்ணில் இது படவேயில்லை. நாளைக்கு வியாழன். அவள் குழுவுக்கு வருவாளா என்பதே தெரியாது. நேற்றிலிருந்து நான்காவது முடிவை எழுதிப் பார்க்கிறேன். அதில் கதவு திறப்பதில்லை.

"ஹம்ராகுல் கதவுக்கு வெளியே நிற்கிறான். உள்ளே மஸ்தூரா உட்கார்ந்து பாசிப்பயறு பொறுக்குகிறாள். அவன் தட்டவில்லை. அவன்"

இதற்குமேல் ஒரு சொல்கூட வரவில்லை. கதவு திறக்காது என்று தெரிந்த பிறகு அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை, அப்படி நான் இருந்து பழக்கமில்லை. உங்களுக்கு வந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவனைப் பனியில் நிற்க வைத்தாலும் சரி, சுர்குத்துக்கே திருப்பி அனுப்பினாலும் சரி, நான் ஆட்சேபிக்கப் போவதில்லை. அவளை மட்டும் எழுந்து வரச் சொல்லாதீர்கள்.